அக்கா போன பிறகும் இருந்த மருந்து வாசனை

அக்கா ஆண்டவரிடம் போய்ச் சேர்ந்து ஓர் ஆண்டு ஆகிறது. நினைவுத் திருப்பலி முடிந்து கல்லறைத் தோட்டத்துக்கு வரும் உறவினர்கள், நண்பர்கள், அக்காவிடம் துணி தைத்துக்கொண்டவர்கள் எல்லோருக்கும் இந்த நினைவு மலரைக் கொடுக்கிறோம். உடன்பிறந்தவள் என்பதால் அக்காவைப் பற்றி எழுதும் பொறுப்பு எனக்கு வந்தது. நான் ஒரு கப்பல் ஏஜென்சி அலுவலகத்தில் வேலை பார்ப்பவள். ஏற்றுமதிக் காகிதங்களைத் தவிர வேறு எதையும் எழுதிப் பழக்கமில்லை. குறையிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அக்கா எப்படி இறந்தார்கள் என்பது பற்றி நம் உறவுக்குள் ஒரு பேச்சு இருக்கிறது. அந்தப் பேச்சு என் மகள் ஜெனியின் உயிரை எடுக்கப் பார்த்தது. ஆகவே அக்காவின் நல்ல குணங்களை மட்டும் எழுதி முடித்துவிட எனக்கு மனம் வரவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

அக்கா புன்னைக்காயலில் பிறந்தார்கள். அப்பா தோணியில் தண்டல், அதாவது தோணியை நடத்திச் செல்பவர். கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சரக்கு கொண்டுபோவார்கள். அப்பாவின் வேலைக்காக நாங்கள் தூத்துக்குடிக்கு வந்தபோது அக்கா பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தார்கள். நான் கைக்குழந்தை. கடற்கரைச் சாலைக்குப் பின்னால், காற்று திரும்பினால் உப்பும் கருவாடும் மணக்கும் தெருவில் அன்று அப்பா வாங்கிய வீட்டில்தான் இன்றும் இருக்கிறோம்.

பதினைந்து வயதில் அக்காவுக்குத் தாகம் தொடங்கியது. செம்பு செம்பாகத் தண்ணீர் குடிப்பார்கள். “இவ கடலையே குடிச்சிருவா போலுக்கு” என்று அம்மா கேலி செய்தார்களாம். உடம்பு நூலாக இளைத்து, ஒரு நாள் பள்ளிக்கூட வராந்தாவில் விழுந்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். சர்க்கரை வியாதி, வாழ்நாள் முழுவதும் ஊசி போட வேண்டும் என்றார் டாக்டர். அப்போது எங்கள் வீட்டில் பிரிட்ஜ் கிடையாது. மருந்துக் குப்பியை ஒரு சிறிய டிபன் டப்பாவில் போட்டு, தண்ணீர்ப் பானைக்குள் மிதக்கவிட்டிருப்பார்கள். பானையில் முகக்கும்போது டப்பா செம்பில் தட்டும் சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது. கண்ணாடி ஊசியை வெந்நீரில் கொதிக்கவைத்து எடுத்துக்கொண்டு அக்கா அறைக்குள் போய்த் திரையை இழுத்துவிடுவார்கள். கடைசிவரை அக்கா ஊசி போட்டுக்கொண்டதை வெளியாட்கள் யாரும் பார்த்ததில்லை.

அந்த மருந்துக்கு ஒரு வாசனை உண்டு. ஆஸ்பத்திரித் தரையைத் துடைக்கும் மருந்தின் வாசனை போல இருக்கும். திரையைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும் அக்காவின் மேல் அது இருக்கும். பிள்ளை வயதில் அதுதான் அக்காவின் வாசனை என்று நினைத்திருந்தேன்.

நோய் வந்த நாளிலிருந்து அக்கா கற்றுக்கொண்ட முதல் பாடம் இனிப்பை வேண்டாம் என்று சொல்வது. கிறிஸ்துமஸ் பலகாரத்தை வேண்டாம் என்றார்கள். நான் முதன்முதலாக நற்கருணை வாங்கிய புதுநன்மை நாளில் வந்தவர்களுக்கெல்லாம் கேக் வெட்டிக் கொடுத்துவிட்டு, தான் ஒரு துண்டும் எடுக்காமல் கத்தியைக் கழுவி வைத்தார்கள். சொல்லிச் சொல்லி அந்த ‘வேண்டாம்’ உடம்பிலேயே ஊறிவிட்டது. அதில் ஓர் ஆபத்து இருந்தது. ஊசி போட்டுவிட்டு நேரத்துக்குச் சாப்பிடாவிட்டால் சர்க்கரை மளமளவென்று இறங்கிவிடும். அப்போது உயிரைக் காப்பது இனிப்பு மட்டும்தான். ஆனால் அந்த நிலையிலும் அக்கா வாயைத் திறக்க மாட்டார்கள்.

முதல் முறை அது நடந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை நடுப்பகலில். பூசைக்குப் போய்வந்து அக்கா ஊசி போட்டுக்கொண்டார்கள். குழம்பு இன்னும் அடுப்பில் இருந்தது. நாற்காலியில் உட்கார்ந்திருந்த அக்காவின் முகம் வெளுத்து வேர்த்துக் கொட்டியது. அம்மா சர்க்கரையைக் கரண்டியில் அள்ளிக்கொண்டு வந்தார்கள்.

“வாயத் தொற மக்கா.”

“எனக்கு இனிப்பு ஆகாது. டாக்டர் சொல்லியிருக்காவ.”

அக்கா தட்டிவிட, கரண்டி தரையில் விழுந்தது. அக்கா எங்கள் யாரையும் பார்க்கவில்லை. வாசலையே பார்த்தார்கள். குரல் மட்டும் அக்காவுடையதாக இல்லை. யாரோ பெரிய மனுஷி பேசுவது போல நிதானமாக இருந்தது.

“அங்கன ஒரு ஆளு நனைஞ்சு நிக்காவ. ஏன் யாரும் உள்ள கூப்பிடல?”

வாசலில் வெயில் மட்டும்தான் இருந்தது. அம்மா சிலுவை போட்டுக்கொண்டார்கள். நான் அம்மாவின் சேலைக்குப் பின்னால் போனேன்.

தோணிக்காரக் குடும்பங்களில் ஒரு வழக்கம் உண்டு. கடலிலிருந்து நனைந்து வந்து வாசலில் நிற்பவரிடம் பேரும் ஊரும் கேட்கும் முன் கருப்பட்டித் தண்ணீர் கொடுப்பார்கள். வந்தவர் தனியாகக் குடிக்கக் கூச்சப்படக் கூடாது என்று வீட்டாள் ஒருவர் கூட ஒரு டம்ளர் குடிப்பார். அப்பாவுக்கு அந்த நேரத்தில் அது எப்படித் தோன்றியதோ தெரியவில்லை. எழுந்து வாசலுக்குப் போய், அந்த வெயிலைப் பார்த்துப் பேசினார்கள்.

“வாங்க, உள்ள வாங்க. ரொம்ப நேரமா நிக்கீய போலுக்கு. இந்த நாற்காலில இருங்க.”

அக்காவுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்கள். அம்மா இரண்டு டம்ளரில் கருப்பட்டி கரைத்துக் கொண்டுவந்தார்கள். ஒன்றை வெறும் நாற்காலிக்கு முன்னால் வைத்துவிட்டு, மற்றதை அப்பா அக்காவிடம் நீட்டினார்கள்.

“வந்தவிய தனியாக் குடிக்கக் கூச்சப்படுதாவ மக்கா. நீயும் கூட ஒரு வாய் குடி.”

அக்கா குடித்தார்கள். மரியாதைக்காகக் குடித்தார்கள். சற்று நேரத்தில் முகத்தில் ரத்தம் வந்தது. எங்களைப் பார்த்து, தூங்கி எழுந்தவர்களைப் போல, “நான் என்ன சொன்னேன்?” என்று கேட்டார்கள்.

“ஒண்ணும் சொல்லல” என்றார்கள் அம்மா.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அதுவே முறையாகிவிட்டது. சர்க்கரை இறங்கினால் “ஆள் வந்திருக்காவ” என்போம். நாற்காலி போடுவோம், இரண்டு டம்ளர் வைப்போம். ஒருமுறைகூட அது பலிக்காமல் போனதில்லை. வந்தவருக்கு வைத்த டம்ளரை அப்புறம் அம்மா முற்றத்து ஓரத்தில் கொட்டுவார்கள். எங்கள் முற்றத்தில் எறும்புக்குக் குறைவில்லை. ஆனாலும் கொட்டின அந்த ஈரத்துக்கு எறும்பு வந்து நான் பார்த்ததில்லை. இதற்கு என்ன காரணம் என்று எனக்குத் தெரியாது. பார்த்ததை எழுதுகிறேன்.

அக்காவைப் பெண் பார்க்க ஒரு நல்ல குடும்பம் வந்தது. பதற்றத்தில் அக்கா காலையில் சரியாகச் சாப்பிடவில்லை. காப்பித் தட்டுடன் வந்து நின்றவர்கள், மாப்பிள்ளை வீட்டாரைத் தாண்டி வாசலைப் பார்த்தார்கள். அப்பா ஒரு கணமும் யோசிக்கவில்லை. அத்தனை பேர் முன்னாலும் எழுந்து போய் “உள்ள வாங்க” என்றார்கள்.

“யாரக் கூப்பிடுதீய?” என்று கேட்டார் மாப்பிள்ளையின் அம்மா.

“வேண்டிய ஆளுதான்” என்றார்கள் அப்பா.

வந்தவர்கள் காப்பியைக் குடிக்காமலே போய்விட்டார்கள். அக்காவுக்குத் தெளிந்ததும் அதே கேள்வி.

“நான் என்ன சொன்னேன்?”

“ஒண்ணும் இல்லக்கா. மாப்பிள்ளைக்குக் காது பெருசுன்னு சொன்னீங்க” என்றேன்.

அக்கா சிரித்தார்கள். சிரிப்பு நிற்கவே இல்லை. கடைசியில் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். அதற்குப் பின் கல்யாணப் பேச்சை எடுக்கவிடவில்லை. ஒருமுறை நான் வற்புறுத்திக் கேட்டபோது சொன்னார்கள்.

“ஊசி எனக்குப் பெருசில்லளா. அந்தக் கொஞ்ச நேரம் நான் எங்க போறேன்னு தெரியலியே, அதுதான். பெத்தவிய முன்னால போகலாம். ஒரு வேத்து ஆம்பள முன்னால அப்படிப் போக எனக்குப் பயமா இருக்கு.”

இந்த நோயைப் பற்றி எத்தனையோ பேர் என்னிடம் பேசியிருக்கிறார்கள். காலைப் பார்த்துக்கொள், கண்ணைப் பார்த்துக்கொள் என்பார்கள். தன்னிடமிருந்து தானே காணாமல் போகும் பயத்தைப் பற்றி அக்காவைத் தவிர யாரும் சொன்னதில்லை.

அக்கா தையல் கற்று, முன்னறையிலேயே தைக்கத் தொடங்கினார்கள். புதுநன்மை வாங்கும் பிள்ளைகளுக்கான வெள்ளை உடுப்பு என்றால் நம் கோயில் பங்கில் அக்காதான். இந்த மலரைக் கையில் வைத்திருக்கும் பலர் அக்கா தைத்த உடுப்பில் முதல் நன்மை வாங்கியவர்கள். சீசனில் அறை முழுக்க அந்தச் சின்னச் சின்ன வெள்ளை உடுப்புகள் தொங்கும். கடல்காற்றில் ஒன்றாக அசையும். வழியில் போகிறவர்கள் ஜன்னலில் பிள்ளைகள் நிற்பதாக நினைத்துக் கையசைத்துவிட்டுப் போவதும் உண்டு. ஏழைப் பிள்ளைகளுக்குத் தைத்துக் கொடுத்ததை அக்கா யாரிடமும் சொன்னதில்லை. நானும் இதற்கு மேல் சொல்லவில்லை.

அப்பா, அம்மா காலத்துக்குப் பின் வீட்டில் அக்காவும் நானும் ஜெனியும் இருந்தோம். என் கணவர் சரக்குக் கப்பலில் வேலை பார்ப்பதால் வருடத்தில் பாதி நாள் கடலில்தான். ஜெனி என்னிடம் வளர்ந்ததைவிடப் பெரியம்மாவின் தையல் மெஷினுக்கு அடியில் வளர்ந்தது அதிகம்.

ஜெனிக்குப் பதினோரு வயது இருக்கும்போது, ஒரு காலை அவள் செம்பை எடுத்து முழுவதும் குடித்துவிட்டு மறுபடி முகந்தாள். அக்கா மெஷினை நிறுத்தினார்கள். என்னை நிமிர்ந்து பார்த்தார்கள். அன்று மாலையே பரிசோதனையில் அது உறுதியானது.

நான் அழுதேன். அக்கா அழவில்லை. ஆனால் ஜெனியைத் தொடுவதற்கு முன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவத் தொடங்கினார்கள். தன் கட்டிலில் அவளை உட்காரவிடவில்லை. “இது ஒட்டுற வியாதி இல்லக்கா. உங்களுக்கே தெரியும்” என்று சொன்னேன்.

“தெரியும்ளா. கைக்குத் தெரிய மாட்டேங்குது” என்றார்கள்.

ஜெனிதான் அதை முடித்துவைத்தாள். ஒரு நாள் நேராகப் போய் அந்தக் கட்டிலில் படுத்துக்கொண்டு, “பெரியம்மா, நம்ம ரெண்டு பேரும் ஒரே கட்சி. அம்மா எதிர்க்கட்சி” என்றாள். அதன் பின் இருவரும் என் சமையலைக் குறை சொல்வதில் ஒற்றுமையாக இருந்தார்கள்.

அப்புறம் ஒரு விடுமுறை நாள். மதியம். ஜெனி மாடியில் தோழிகளுடன் ஆடிவிட்டு வந்து முன்னறையில் உட்கார்ந்தாள். நான் அடுக்களையில் இருந்தேன். அவள் குரல் கேட்டது.

“அம்மா, வாசல்ல யாரோ நிக்காங்க. நனைஞ்சிருக்காங்க.”

நான் ஓடிவந்தேன். மழைக்காலம் இல்லை. தெரு காய்ந்து கிடந்தது. அக்காவின் கையில் இருந்த கத்தரி துணியின் நடுவில் நின்றிருந்தது. ஜெனியிடம் நாங்கள் யாரும் இதைப் பற்றிச் சொன்னதே இல்லை. அவள் பிறந்த பின் அக்காவுக்கு அவ்வளவு தூரம் இறங்கியதும் இல்லை, டாக்டர்களும் மருந்துகளும் மாறியிருந்தன.

அக்கா எழுந்தார்கள். அத்தனை வருடமாக அந்த ஆளைப் பார்த்தவர்கள், அன்று தெளிந்த புத்தியோடு இருந்ததால் வாசலில் எதையும் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன். ஆனாலும் கிரில் கதவைத் திறந்து, அப்பா சொன்னது போலவே, “வாங்க, உள்ள வாங்க” என்றார்கள். கொஞ்சம் நிறுத்தி, தாழ்ந்த குரலில், “எங்கிட்ட வந்தது போதாதா?” என்றும் கேட்டார்கள். அதை நான் கேட்டேன்.

இரண்டு டம்ளர் வைத்தோம். ஜெனி குடித்தாள். தெளிந்தாள். உனக்கு யார் சொன்னது என்று பல முறை கேட்டிருக்கிறேன். யாரும் சொல்லவில்லை என்றே சொல்கிறாள். சிறு பிள்ளையாக இருந்தபோது பெரியவர்கள் பேசியது காதில் விழுந்திருக்கலாம் என்கிறார் டாக்டர். இருக்கலாம். நானும் அப்படியே நம்ப விரும்புகிறேன்.

கடைசி ஆண்டுகளில் அக்காவின் சிறுநீரகம் பழுதானது. டயாலிசிஸுக்குப் போய்வந்தார்கள். குடிக்கும் தண்ணீரைக்கூட அளந்து குடிக்க வேண்டியிருந்தது. மெஷினை மட்டும் விடவில்லை. போன ஆண்டு இதே நாளில், நான் அலுவலகத்தில் இருந்த நேரம், பள்ளிக்கூடம் விட்டு வந்த ஜெனி, பெரியம்மா மெஷின் மேல் தலை வைத்திருப்பதைப் பார்த்தாள். தூங்குகிறார்கள் என்று நினைத்துச் சத்தமில்லாமல் உடை மாற்றிக்கொண்டு வந்திருக்கிறாள். அதன் பிறகுதான் தெரிந்தது. இதயம் நின்றுவிட்டது, இப்படிப்பட்ட நோயாளிகளுக்கு இது நடப்பதுதான், வலி தெரிந்திருக்காது என்று டாக்டர் சொன்னார்.

பக்கத்தில் ஒரு நாற்காலி இழுத்துப் போடப்பட்டிருந்தது. மேசையில் இரண்டு டம்ளர் இருந்தன. இரண்டும் காலியாக இருந்தன.

இதை வீட்டுக்கு வந்தவர்கள் சிலர் பார்த்துவிட்டார்கள். சவப்பெட்டியைச் சுற்றி உட்கார்ந்திருந்தபோது ஒரு குரல் சொன்னது: “கூப்பிட்டுக் கூப்பிட்டு உக்கார வச்சா, ஒரு நாளு கூட்டிட்டுத்தான போவாவ.” இன்னொருவர், “அடுத்து அந்தப் பிள்ளையப் பாத்துக்கிடுங்க” என்றார். துக்கத்தில் வாய்க்கு வந்ததைப் பேசியிருக்கிறார்கள். எனக்கு யார் மேலும் கோபம் இல்லை. ஆனால் அந்தப் பிள்ளை அடக்கத்துக்குப் பூமாலையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றிருந்தாள்.

சில வாரங்கள் கழித்து, ஒரு காலை நான் முகம் கழுவ வாஷ்பேசினுக்குப் போனபோது அக்காவின் வாசனை வந்தது. அதே மருந்து வாசனை. அக்காவின் குப்பிகளையும் ஊசிகளையும் எப்போதோ அப்புறப்படுத்திவிட்டோம். ஜெனி போடுவது மருந்து உள்ளேயே அடைத்து வரும் பேனா ஊசி. அதில் தானாக ஒரு துளிகூட வெளியே வராது. ஆகவே எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. அக்கா வந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன்.

பயமாகவும் இருந்தது, ஆறுதலாகவும் இருந்தது. மறுநாளும் வந்தது. காலையில் இருக்கும், பகலில் மறைந்துவிடும், மாலையில் சாப்பாட்டு நேரத்துக்கு மறுபடி வரும். அக்கா ஊசி போடும் வேளைகள். நான் வாஷ்பேசின் பக்கத்தில் அக்காவின் படத்தை மாட்டினேன். மெழுகுதிரி ஏற்றினேன். “அக்கா, ஜெனியப் பாத்துக்கிடுங்க” என்று அந்த வாசனையைப் பார்த்து ஜெபித்தேன். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் போய்விடும் என்று நினைத்தேன்.

ஜெனி இளைத்தாள். பெரியம்மாவை நினைத்து ஏங்குகிறாள் என்றேன். தண்ணீர் நிறையக் குடித்தாள். வெயில் என்றேன். பரிசோதித்தாயா என்று கேட்டால் நல்ல எண் ஒன்றைச் சொல்லுவாள். அவளுக்குப் பதினைந்து வயது. நான் பின்னால் நின்று எட்டிப் பார்த்தால் கோபம் வரும். ஒரு நாள் பள்ளியிலிருந்து அலுவலகத்துக்குப் போன் வந்தது. போய்ப் பார்த்தபோது வாந்தி எடுத்து, ஓடிவந்தவளைப் போல மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். மூச்சில் அழுகிய பழத்தின் வாடை. பல நாட்களாக உடம்புக்குப் போதிய இன்சுலின் போகவில்லை, இன்னும் தாமதித்திருந்தால் பிள்ளை கிடைத்திருக்கமாட்டாள் என்றார்கள் ஆஸ்பத்திரியில்.

தெளிந்த பிறகு, கையில் சலைன் ஏறிக்கொண்டிருக்க, அவளே சொன்னாள். குரல் வரவில்லை. காதை அருகில் கொண்டுபோனேன்.

“ஊசிய வாஷ்பேசின்ல பீச்சிட்டேன்மா.”

“எதுக்குடி?”

“சுகர் கூடுதலா இருந்தா அவங்க வரமாட்டாங்க. கொறஞ்சாத்தான வராங்க. பெரியம்மாவ மாதிரி என்னையும் கூட்டிட்டுப் போயிருவாங்கன்னு...”

நான் மெழுகுதிரி ஏற்றி வணங்கிய வாசனை அது. என் மகள் தன் உயிரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குழாயில் ஊற்றிக்கொண்டிருந்த வாசனை. எங்கள் வீட்டைத் தவிர வேறு எந்த வீட்டிலும் ஒரு தாய்க்கு இந்தத் தவறு வந்திருக்காது. பேனா ஒழுகுகிறதா, பிள்ளை என்ன செய்கிறாள் என்று பார்த்திருப்பாள். நான் அக்காவைப் பார்த்தேன்.

டாக்டர் அவளைத் திட்டவில்லை. சர்க்கரை இறங்கும் என்ற பயத்தில் மருந்தைக் குறைத்துக்கொள்பவர்கள் பெரியவர்களிலும் நிறைய உண்டு என்றார். “பயத்துக்கு ஊசி கிடையாது. கூட ஆள் இருந்தால் குறையும்” என்று என்னிடம் சொன்னார்.

வீட்டுக்கு வந்த பின் அவள் என் முன்னால் ஊசி போட்டாள். முழு அளவும் போட்டாள். போட்டுவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுவாள். தட்டில் பாதிச் சோறு மிஞ்சும். நான் விளக்கம் சொன்னேன். குளுக்கோஸ், மூளை, மயக்கம் எல்லாம் சொன்னேன். “எனக்கே தெரியும்மா. நான் பயாலஜி குரூப்” என்றாள். இப்படியே இருந்தால் மறுபடி வாஷ்பேசினுக்குப் போய்விடுவாள் என்று எனக்குத் தெரிந்தது. அவளுக்கும் தெரிந்தது.

எதிர்பார்த்தது ஒரு சனிக்கிழமை பகலில் வந்தது. படித்துக்கொண்டிருந்தவளின் பேனா நோட்டிலிருந்து வழுக்கியது. நெற்றியில் வேர்வை. கண் வாசலுக்குப் போனது. நான் கருப்பட்டித் தண்ணீரை எடுத்தேன், ஒரே ஒரு டம்ளர். நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் வாசலின் நடுவில் போட்டு, தெருவுக்கு முதுகு காட்டி, அவளைப் பார்த்து உட்கார்ந்தேன். யோசித்துச் செய்யவில்லை. அங்கே வேறு யாரும் நிற்கக் கூடாது என்ற ஒரே எண்ணம்தான்.

வெயில் என் முதுகில் விழுந்தது. ஆனால் முதுகு சூடாகவில்லை. பின்கழுத்தில் ஒரு குளிர்ச்சி இருந்தது. படகுத்துறையில் இறங்கும் படிகளின் கீழ்ப்பக்கம் நின்றால் இருக்குமே, அந்தக் குளிர்ச்சி. திரும்பிப் பார்க்கத் தோன்றியது. பார்க்கவில்லை.

ஜெனி என்னை வெகுநேரம் பார்த்தாள்.

“அம்மா, நீங்க நனைஞ்சிருக்கீங்க.”

“ஆமா. உள்ள கூப்பிடு” என்றேன்.

“வாங்க” என்றாள்.

எழுந்து போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். நான் ஒரு வாய் குடித்துவிட்டு மீதியை அவளுக்குக் கொடுத்தேன். மறுக்காமல் குடித்தாள். நிறம் திரும்பியதும், அக்கா கேட்ட அதே கேள்வியைக் கேட்டாள்.

“நான் என்னம்மா சொன்னேன்?”

அக்காவிடம் நாங்கள் எல்லோரும் ‘ஒன்றும் இல்லை’ என்றே சொல்லிவந்தோம். அன்பினால் சொன்னதுதான். ஆனால் காணாமல் போய்த் திரும்பிவந்தவரிடம், அந்த நேரத்தில் நடந்ததை மறைத்துவிட்டால், அவர் அந்த நேரத்தைக் கண்டு பயப்படாமல் வேறென்ன செய்வார். நான் ஜெனியிடம் முழுவதும் சொன்னேன். வாசலைப் பார்த்தாய், என்னைப் பார்த்தாய், நனைந்திருக்கிறேன் என்றாய், உள்ளே கூப்பிட்டாய், குடித்தாய் என்று ஒன்று விடாமல் சொன்னேன். என் முதுகில் இருந்த குளிரையும் சொன்னேன்.

அவள் யோசித்தாள். “அப்போ அங்க யாரும் இல்லையா?”

“எனக்குத் தெரியலம்மா. இருந்திருந்தா எனக்குப் பின்னாலதான் நின்னிருக்கணும்.”

“ஒதுங்க இடமில்லாம வழிய அடைச்சிக்கிட்டு உக்காந்திருக்கீங்க” என்றாள். வெகுநாள் கழித்து அவள் முகத்தில் சிரிப்பைப் பார்த்தேன்.

அன்று மதியம் நான் நினைவூட்டும் முன்பே ஊசியை எடுத்துக்கொண்டு வந்து என் எதிரில் உட்கார்ந்து போட்டுக்கொண்டாள். வாசலைப் பார்க்காமல் சாப்பிட்டாள். பயம் போய்விட்டதா என்று கேட்டேன். போகவில்லை, ஆனால் இப்போது அது எவ்வளவு பெரிது என்று தெரிகிறது என்றாள்.

அந்த இரண்டு டம்ளர்களைப் பற்றி எனக்கு இன்றுவரை விளக்கம் கிடைக்கவில்லை. கிடைக்கும் என்றும் தோன்றவில்லை. ஒன்று மட்டும் உறுதியாக எழுதுகிறேன். அக்காவை யாரும் கூட்டிக்கொண்டு போகவில்லை. வாழ்நாள் முழுவதும் ஒரு நோயைச் சுமந்த உடம்பு களைத்து நின்றது. வந்தவர் ஒருவர் இருந்திருந்தால், அக்கா தனியாகப் போய்விடக் கூடாதென்று கூட உட்கார்ந்திருப்பார். எங்கள் வீட்டில் அவருக்கு யாரும் மரியாதைக் குறைவாக நடந்ததில்லை.

அக்காவின் கடைசிக் காலத்தில் துணையாக இருந்த டயாலிசிஸ் பிரிவுச் செவிலியர்களுக்கும், ஆஸ்பத்திரிக்குக் காரோட்டி வந்து வெளியே காத்துக் கிடந்த பக்கத்து வீட்டுத் தம்பிக்கும், துக்க நாட்களில் அடுப்பு பற்றவைக்க விடாமல் சோறு கொண்டுவந்த தெருப் பெண்களுக்கும், அடக்கப் பூசையில் பாடிய பாடகர் குழுவுக்கும், பங்குத்தந்தைக்கும், தகவல் கேட்டுப் பாதி வழியில் கப்பலிலிருந்து இறங்கி வந்த என் கணவருக்கும், ஜெனியைக் காப்பாற்றித் தந்த டாக்டருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

கடைசியாக உங்களிடம் ஒரு வேண்டுகோள். திருப்பலிக்குப் பின் பங்கு மண்டபத்தில் எல்லோருக்கும் மதியச் சாப்பாடு வைத்திருக்கிறோம். ஜெனி உங்களுடன் பந்தியில் உட்காருவாள். அவள் இலையில் என்ன விழுகிறது என்று பார்க்க வேண்டாம். இது ஆகுமா, அது ஆகாதா என்று கேட்க வேண்டாம். பெரியம்மாவின் முடிவைப் பற்றி அவள் காதுபடப் பேச வேண்டாம். இலை போட்டதும் அவள் ஊசியை எடுத்து, அறைக்குள் போகாமல், திரை மறைவு தேடாமல், உங்கள் எல்லோர் முன்னாலும் முழு அளவையும் போட்டுக்கொள்ளப் போகிறாள். என்னிடம் அவள் கேட்டுக்கொண்டதை அப்படியே எழுதுகிறேன்: “யாரும் முகத்தத் திருப்பிக்கிட வேண்டாம்னு எழுதுங்கம்மா.”